சம்பளப் பட்டியலில் கையெழுத்திடும் முன்: முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சம்பளத்தை முடிவு செய்யும் இடத்தில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நிறுவனத் தலைவர், துறை மேலாளர், ஹெச்.ஆர். அதிகாரி என்று உங்கள் பதவிப் பெயர்கள் வேறு வேறாக இருக்கலாம். ஒருவருக்கு மாதம் எவ்வளவு என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடும் அதிகாரம் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தக் கையெழுத்து போட்ட காகிதம் கடைசியில் வந்து சேருவது என் போன்றவர்களின் மேசைக்கு. சம்பளப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. யாருக்கு எவ்வளவு, யாருக்கு எந்த மாதம் ஏறியது, யாருக்கு எதற்காகப் பிடித்தம் என்பதெல்லாம் என் கண்முன்னால்தான் ஓடும். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. எந்த நிறுவனத்தையும் எந்த ஆளையும் பெயர் சொல்லாமல், அந்தப் பட்டியல்களைப் பல காலம் பார்த்ததால் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

'பெண்தானே, குறைத்துக் கொடுப்போம்' என்று வாய்விட்டுச் சொல்லி முடிவெடுத்த மேலாளரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பட்டியலைப் பதவிவாரியாக அடுக்கிப் பார்த்தால், ஒவ்வொரு அடுக்கிலும் பெண்களின் பெயர்கள் கீழ்ப்பக்கம் இறங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக் காரணம் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அவர் முன்பு வாங்கியது குறைவு. இவர் அந்த ஆண்டு பாதி நாள் விடுப்பில் இருந்தார். இன்னொருவர் கேட்கவே இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமாகத் தெரிகிறது; சேர்த்துப் பார்த்தால் அநியாயமாக இருக்கிறது. அந்தச் சின்னச் சின்ன முடிவுகள் எல்லாவற்றிலும் இருப்பது உங்கள் கையெழுத்து. அதனால் இதைச் சரிசெய்ய வேண்டியவர்களும் நீங்கள்தான். குறைவாக வாங்குகிறவரிடமே 'நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பொறுப்பைத் தள்ளிவிடுவது சரியில்லை. இந்த மடல் முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான்.

உலக அளவில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாகச் சுமார் 20 விழுக்காடு குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்கிறது. இந்த எண்ணைச் சொன்னதும் உங்களில் சிலர், 'அது எல்லா வேலைகளையும் கலந்து போட்ட கணக்கு. ஒரே பதவியில் இருப்பவர்களை ஒப்பிட்டால் இவ்வளவு வராது' என்பீர்கள். உண்மைதான். ஒரே பதவி, ஒரே அனுபவம், ஒரே வேலை நேரம் என்று வடிகட்டிக்கொண்டே போனால் இடைவெளி சுருங்கும். ஆனால் யாருக்கு அந்தப் பதவி கிடைத்தது, யாருக்கு அந்த அனுபவம் சேர விட்டோம் என்ற கேள்விகளும் அந்த வடிகட்டலோடு சேர்ந்து வெளியே போய்விடுகின்றன. பதவி உயர்வு கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, 'அவர் அந்தப் பதவியில் இல்லையே, அதனால் ஒப்பிட முடியாது' என்று சொல்வதை ஒரு விளக்கமாக ஏற்க முடியவில்லை. அப்படி வடிகட்டிய பிறகும் மிச்சமாக ஒரு தொகை நிற்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

முதல் சம்பளத்திலிருந்து தொடங்குகிறேன். நான் பார்த்தவற்றில் அதிகக் காலம் நீடிக்கும் காயம் அதுதான்.

ஒரே தேதியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரின் வரிசைகள் ஒரு பட்டியலில் அடுத்தடுத்து இருந்தன. ஒரே பதவி, ஒரே கிரேடு, ஒரே மேலாளர். ஆணின் அடிப்படைச் சம்பளம் தெளிவாகவே அதிகம். கோப்பைப் புரட்டினேன். இரண்டு பேரின் ஆஃபர் குறிப்பிலும் ஒரே வரி: 'கடைசியாக வாங்கிய சம்பளத்தின் மேல் 20 விழுக்காடு உயர்வு.' எழுதியவர் இருவரையும் சமமாக நடத்தியதாகத்தான் நினைத்திருப்பார். விழுக்காடும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெண் நடுவில் குழந்தைக்காக வேலையை விட்டவர்; திரும்பி வந்தபோது யார் எடுத்துக்கொண்டாலும் போதும் என்று ஒரு சிறிய இடத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தவர். அந்த இடத்தில் நடந்த குறைப்பை இந்த நிறுவனம் அப்படியே வாங்கி, அதன் மேல் 20 விழுக்காடு போட்டுத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டது.

இது ஆண்டுக்கு ஆண்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒருவர் 100, இன்னொருவர் 85 என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஆண்டுதோறும் ஒரே 8 விழுக்காடு இன்க்ரிமென்ட். பத்தாண்டு முடிவில் ஒருவர் ஏறக்குறைய 216, இன்னொருவர் 183 அல்லது 184. பதினைந்தாக இருந்த இடைவெளி முப்பத்திரண்டைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் இந்தப் பத்தாண்டில் அவருக்கு யாரும் எந்தப் பாகுபாடும் காட்டவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. போனஸ் சம்பளத்தின் விழுக்காடாக வருகிறது. ஓய்வுக்காலச் சேமிப்பும் சம்பளத்தை வைத்துத்தான். வேலையை விட்டு நின்ற பிறகும், கடைசி வரைக்கும், அந்த முதல் நாள் எண் அவரோடு கூடவே வருகிறது.

ஆகவே 'இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?' என்ற கேள்வியை நேர்காணலிலிருந்து எடுத்துவிடுங்கள். இது புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்லும் யோசனை இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-லேயே இதைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. பிறகு பல மாநிலங்கள் அதே வழியில் போயின. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணையும் முந்தைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்கிறது; இந்தப் பதவிக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. வேலைக்கு என்ன மதிப்பு என்பதை வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். வருகிறவரின் பழைய பேஸ்லிப் அதற்கு அளவுகோல் ஆகாது.

அடுத்தது ரகசியம்.

லில்லி லெட்பெட்டர் என்ற பெண்ணைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979-ல் சேர்ந்து, மேற்பார்வையாளராக இருபது ஆண்டுக்கு நெருக்கமாக வேலை பார்த்தவர். ஓய்வு பெறும் காலம் நெருங்கும்போது யாரோ ஒருவர் பெயர் போடாத ஒரு துண்டுச் சீட்டில் அவருடைய சம்பளத்தையும் அதே வேலை பார்த்த ஆண்களின் சம்பளத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. அதிகம் வாங்கியவருக்கு 5,236. வழக்குப் போட்டார், ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2007-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராக முடித்தது. சம்பளத்தைக் குறைவாக நிர்ணயித்த 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்பது காரணம். தெரியாத ஒன்றைப் பற்றி 180 நாளுக்குள் எப்படிப் புகார் கொடுப்பது? 2009-ல் அவர் பெயரிலேயே சட்டம் திருத்தப்பட்டது, அதன் பலன் மற்றவர்களுக்குக் கிடைத்தது. இழந்த சம்பளம் அவருக்குத் திரும்பி வரவே இல்லை.

உங்கள் நிறுவனத்தில் 'சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியர்களோடு பேசக் கூடாது' என்ற வரி ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா? இருந்தால் அது யாரைக் காப்பாற்றுகிறது என்று தயவுசெய்து யோசியுங்கள். அதிகம் வாங்குகிறவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. குறைவாக வாங்குகிறவருக்குத் தான் குறைவாக வாங்குகிறோம் என்பதே தெரியாமல் போகிறது. எங்கள் பிரிவில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். மதிய இடைவேளையில் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார்கள் இரண்டு பேர். ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துக்கொள்கிற அளவுக்கு இருவரும் ஒரே வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்பது தெரிந்தும் எதுவும் சொல்ல முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது கஷ்டமான காரியம். எல்லோருடைய சம்பளத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லவில்லை. பதவிக்கான சம்பள வரம்பைச் சொல்லுங்கள். அந்த வரம்பில் தான் எங்கே நிற்கிறோம் என்று ஊழியர் கேட்டால் பதில் சொல்லுங்கள். அவர்களாகப் பேசிக்கொண்டால் தண்டிக்காதீர்கள்.

'பெண்கள் கேட்பதில்லை, ஆண்கள் கேட்கிறார்கள்' என்பது மேலாளர்கள் வாயில் நான் அடிக்கடி கேட்ட விளக்கம். 2018-ல் ஆஸ்திரேலியத் தரவுகளை வைத்து வந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. வேலை நேரம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, பெண்களும் ஆண்களைப் போலவே சம்பள உயர்வு கேட்டிருக்கிறார்கள். கேட்ட ஆண்களில் 20 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது. கேட்ட பெண்களில் 15 விழுக்காட்டினருக்கு. அதற்கும் முன்னால், 2007-ல் அமெரிக்காவில் வந்த இன்னோர் ஆய்வு, பேரம் பேசும் பெண்ணை மதிப்பீடு செய்கிறவர்கள் பேரம் பேசும் ஆணைவிடக் கடுமையாகப் பார்க்கிறார்கள் என்று காட்டியது. கேட்டால் 'ரொம்பப் பேசுகிறார்', கேட்காவிட்டால் 'தன்னம்பிக்கை இல்லை'. இரண்டையும் நான் அப்ரைசல் படிவங்களின் கருத்துப் பகுதியில் படித்திருக்கிறேன். ஆண்களின் படிவத்தில் அவர்கள் முடித்த வேலையைப் பற்றி எழுதியிருக்கும். பெண்களின் படிவத்தில் அவர்களுடைய குணத்தைப் பற்றி எழுதியிருக்கும்: அமைதியானவர், அனுசரித்துப் போகிறவர், கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவர். வேலையின் தரம் என்ன என்று அந்தப் படிவத்தை வைத்துச் சொல்லவே முடியாது. ஆனால் ரேட்டிங் அதை வைத்துத்தான் போடப்படுகிறது, இன்க்ரிமென்ட் அந்த ரேட்டிங்கை வைத்து வருகிறது.

இதில் பெண் மேலாளர்களுக்கும் பங்கு உண்டு. 2012-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் ஆய்வகப் பணிக்கான ஒரே விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்குப் போன விண்ணப்பத்தில் ஜான் என்ற பெயர், மீதிப் பேருக்குப் போனதில் ஜெனிஃபர். வேறு ஒரு எழுத்தும் மாறவில்லை. ஜானுக்கு ஆண்டுக்கு 30,238 டாலர் கொடுக்கலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. பேராசிரியர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் முடிவு ஒரே மாதிரிதான் வந்தது. ஆகவே 'எங்கள் ஹெச்.ஆர். தலைவரே பெண்தான்' என்பதால் உங்கள் பட்டியல் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. நல்ல மனது உள்ளவர்கள் கையிலும் இது நடக்கிறது என்பதால்தான் மனதை நம்பாமல் கணக்கைப் பாருங்கள் என்கிறேன்.

குழந்தை பிறந்த பிறகு நடப்பதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி இது.

2023-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் தன் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது பெண்களின் வேலையையும் சம்பளத்தையும்தான். அவரும் மரியான் பெர்ட்ராண்ட், லாரன்ஸ் காட்ஸ் ஆகியோரும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். படிப்பு முடித்த புதிதில் ஆண்கள், பெண்கள் சம்பளம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பத்து ஆண்டு தாண்டும்போது பெரிய இடைவெளி. அதில் பெரும்பகுதி குழந்தை பிறந்ததை ஒட்டி வந்த வேலை இடைவெளியோடும் குறைந்த வேலை நேரத்தோடும் சம்பந்தப்பட்டது. டென்மார்க் போல, பெற்றோர் விடுப்பும் குழந்தைகள் காப்பகமும் தாராளமாக உள்ள நாட்டிலேயே முதல் குழந்தைக்குப் பிறகு தாயின் வருமானம் தந்தையோடு ஒப்பிடும்போது சுமார் 20 விழுக்காடு சரிந்து, திரும்ப ஏறுவதே இல்லை என்று அங்கே செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. தந்தையின் வருமானக் கோடு ஒன்றும் நடக்காதது போல நேராகப் போகிறது.

'இதற்கு நாங்கள் என்ன செய்வோம், குடும்பத்தில் அவர்கள் எடுக்கும் முடிவு' என்று நீங்கள் சொல்லலாம். ஒரு பகுதி அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் பகுதியும் சிறியதில்லை. 2007-ல் ஷெல்லி கொரெல் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும், தகுதியில் சமமான விண்ணப்பங்களை மதிப்பிடச் சொன்னார்கள். ஒன்றில் மட்டும் அந்தப் பெண் பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் இருப்பதாக ஒரு வரி. தாய் என்று அந்த வரி காட்டியதும் அவருக்குப் பரிந்துரைத்த சம்பளம் சராசரியாக ஆண்டுக்கு 1,37,000 டாலர். குழந்தை இல்லாத பெண்ணுக்கு 1,48,000. வேலையில் ஈடுபாடு குறைவாக இருக்கும், வேலைக்கு எடுக்கத் தோதில்லை என்ற மதிப்பீடும் சேர்ந்து வந்தது. தந்தை என்று தெரிந்த ஆணுக்கு அப்படி எந்த இழப்பும் இல்லை. இந்தத் தாய் இன்னும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை. நடக்காத ஒன்றுக்காக முன்கூட்டியே சம்பளத்தைக் குறைக்கிறோம்.

நடந்த பிறகு என்ன ஆகிறது என்பதை நான் பட்டியலில் பார்க்கிறேன். மகப்பேறு விடுப்பு எடுத்த ஆண்டில் ரேட்டிங் நடுத்தரம் அல்லது அதற்கும் கீழே. 'பாதி ஆண்டுதானே இருந்தார், மதிப்பிட என்ன இருக்கிறது' என்பது விளக்கம். அந்த ஆண்டு இன்க்ரிமென்ட் இல்லை, அல்லது பெயருக்கு ஒன்று. பதவி உயர்வுக்குத் தொடர்ந்து சில ஆண்டு நல்ல ரேட்டிங் வேண்டும் என்று ஒரு விதி இருக்கும். நடுவில் இந்த ஒரு ஆண்டு வந்து உட்கார்ந்துகொள்வதால் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். திரும்பி வந்ததும் 'உங்களுக்குச் சிரமம் வேண்டாமே' என்று அக்கறையோடு ஒரு லேசான வேலையை மேலாளர் கொடுப்பார். அக்கறை உண்மையானதுதான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் குறை. பெரிய வாடிக்கையாளர், முக்கியமான பொறுப்பு எல்லாம் வேறொருவருக்குப் போய்விடும், அடுத்த ஆண்டு ரேட்டிங்கும் அதோடு போய்விடும். விடுப்பு எடுத்தவருக்கு விடுப்புக்கு முந்தைய ரேட்டிங்கையே அந்த ஆண்டுக்கும் கொடுங்கள். திரும்பி வருகிறவருக்கு முன்பு இருந்த பொறுப்பைக் கொடுத்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று அவரையே சொல்ல விடுங்கள். ஆண்களுக்கும் குழந்தை வளர்ப்பு விடுப்புக் கொடுங்கள், அவர்கள் அதை எடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். விடுப்பு எடுப்பது பெண் மட்டும் என்று இருக்கிற வரை, வேலைக்கு எடுக்கும்போதே அந்தப் பயம் உங்கள் மனதில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கோல்டின் சொல்லும் இன்னொரு விஷயமும் உங்கள் காதில் விழ வேண்டும். எந்நேரமும் போனை எடுக்கிறவர், இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் வருகிறவர் என்று ஒருவருக்கே மொத்தப் பரிசையும் கொடுக்கும் வேலைகளில்தான் இடைவெளி மிக அதிகம். அமெரிக்காவில் மருந்தாளுநர் வேலையை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். ஒருவர் இல்லாதபோது இன்னொருவர் அதே தகவலோடு அதே வேலையைத் தொடர முடிகிற மாதிரி அந்தத் தொழில் மாறியது. அதன் பிறகு பகுதி நேரம் வேலை செய்தாலும் ஒரு மணி நேரத்துக்கான சம்பளத்தில் பெரிய இழப்பு இல்லை, ஆண் பெண் இடைவெளியும் அங்கே மிகக் குறைவு. வேலையை இப்படி மாற்றி அமைக்க முடியுமா என்று உங்கள் துறையில் யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? பல இடங்களில் 'அவரால் மட்டும்தான் முடியும்' என்பது, ஒழுங்காகக் குறிப்பு எழுதி வைக்காததால் வந்த நிலைமைதான்.

குறிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் கூட்டங்களில் யார் குறிப்பு எடுக்கிறார்கள்? விழாக் குழு யார், புதிதாகச் சேர்ந்தவரைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுவது யார், விடைபெறுகிறவருக்குப் பரிசு வாங்கப் பணம் வசூலிப்பது யார்? நிறுவனம் நடக்க இதெல்லாம் தேவை. பதவி உயர்வுப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. லிண்டா பாப்காக், லிசே வெஸ்டர்லண்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட சோதனைகளில், ஆண் பெண் கலந்த குழுக்களில் இத்தகைய வேலைக்குப் பெண்கள் முன்வருவது 48 விழுக்காடு அதிகமாக இருந்தது. ஆண்கள் மட்டும் இருந்த குழுவில் யாரோ ஓர் ஆண் முன்வந்தார், வேலை நடந்தது. பெண் இருந்தால் அவர் செய்வார் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். முறை வைத்துக் கொடுங்கள். இதற்குப் பணமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம்.

அடுத்து, சம வேலைக்குச் சம ஊதியம் என்ற பேச்சோடு பலர் நின்றுவிடுகிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கை 1951-லேயே அதைத் தாண்டிப் போய்விட்டது. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது அது. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தின் டாகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலையில் நடந்ததைப் பாருங்கள். கார் இருக்கைகளுக்கு உறை தைத்த 187 பெண்கள் 1968-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் செய்த வேலையை நிறுவனம் திறன் குறைந்த வேலைக்கான கிரேடில் வைத்திருந்தது. அந்தக் கிரேடிலும் ஆண்களுக்குக் கொடுத்ததில் 85 விழுக்காடுதான் கொடுத்தது. மூன்று வாரம் கழித்து 92 விழுக்காடு என்று பேசி முடித்தார்கள். அந்தப் போராட்டம்தான் 1970-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்துக்கு வழி திறந்தது. ஆனால் அந்தப் பெண்களின் முதல் கோரிக்கை, எங்கள் வேலையும் திறன் உள்ள வேலை என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்பது. அதற்கு அவர்கள் 1984 வரை காத்திருந்து, இன்னொரு முறை வேலைநிறுத்தமும் செய்ய வேண்டியிருந்தது. கிரேடு என்பது கல்லில் வெட்டியது இல்லை; யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதியது.

பாரம் தூக்குவதைத் திறன் என்று எழுதும் கை, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதைத் திறன் என்று எழுதத் தயங்குகிறது. அமெரிக்காவின் 1950 முதல் 2000 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், ஒரு தொழிலில் பெண்கள் அதிகமாக நுழைந்த பிறகு அந்தத் தொழிலின் சம்பளமே இறங்குவதைக் கண்டார்கள். இந்தத் தப்பைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி இருக்கிறது. குப்பை அள்ளும் வேலை போன்ற, பெரும்பாலும் ஆண்கள் பார்த்த வேலைகளுக்குப் போனஸ் கொடுத்துவிட்டு, அதே கிரேடில் இருந்த சமையல், துப்புரவு, பராமரிப்புப் பணிப் பெண்களுக்குக் கொடுக்காமல் விட்டார்கள். வழக்கு மேல் வழக்காக வந்து, 100 கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்த பிறகும் பாக்கி தீரவில்லை. 2023-ல் தன்னால் வரவுசெலவைச் சமாளிக்க முடியவில்லை என்று அந்த மாநகராட்சி அறிவித்தபோது இந்தச் சம ஊதியப் பாக்கியும் முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்தப் பணம் ஒரே நாளில் கடனாக வந்தது இல்லை. மாதா மாதம் அந்தப் பெண்களின் பேஸ்லிப்பில் விடுபட்டுக்கொண்டே வந்த பணம் அது.

சரி, என்ன செய்வது? முதலில் உங்கள் பட்டியலை எடுங்கள். எங்களிடம் கேளுங்கள், ஒரு மதியத்தில் எடுத்துத் தந்துவிடுவோம். கிரேடு வாரியாக ஆண், பெண் என்று பிரியுங்கள். சராசரியோடு நின்றுவிடாமல் சேர்ந்த நாள் சம்பளம், கடைசி மூன்று ரேட்டிங், போனஸ், கடைசியாகப் பதவி உயர்வு கிடைத்த ஆண்டு எல்லாவற்றையும் பக்கத்தில் போடுங்கள். வித்தியாசம் தெரியும் இடத்தில் அந்த மேலாளரைக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள். காரணம் வேலையைப் பற்றியதாக இருந்தால் சரி. 'முன்பு வாங்கியது குறைவு', 'கேட்கவில்லை', 'விடுப்பில் இருந்தார்' என்று வந்தால் அது காரணம் ஆகாது, உயர்த்தி எழுதிவிடுங்கள். அந்தப் பெண் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஆண்களின் சம்பளத்தைக் குறைத்துச் சமப்படுத்தும் எண்ணம் யாருக்கும் வரவே கூடாது. அது இன்னொருவரின் வீட்டில் கை வைப்பது.

செலவு கட்டுப்படியாகாது என்று பயப்படுகிறவர்களுக்கு: சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் 2015-ல் தன் 17,000 ஊழியர்களின் சம்பளத்தையும் இப்படி அலசியது. சுமார் 6 விழுக்காட்டினருக்குத் திருத்தம் தேவைப்பட்டது. அதற்கு ஆன செலவு 30 லட்சம் டாலர். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது தாங்க முடியாத தொகை இல்லை. அடுத்த முறை பார்த்தபோது மறுபடியும் இடைவெளி தெரிந்தது, ஏனென்றால் நடுவில் வேறு நிறுவனங்களை வாங்கியிருந்தார்கள், அந்த நிறுவனங்களின் சம்பள முறையும் சேர்ந்து வந்துவிட்டது. மறுபடியும் சரிசெய்தார்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிந்தது என்று மூடிவைக்கும் காரியமில்லை இது. ஆண்டுதோறும் வரவுசெலவுத் தணிக்கை செய்கிறீர்கள். இதையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று ஏறக்குறைய 90 விழுக்காடு பெண்கள் வேலையையும் வீட்டு வேலையையும் ஒரு நாள் நிறுத்தினார்கள். நாடே நின்றுபோனது. அந்த நாட்டில் 2018-ல், 25 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் தாங்கள் சமமாகச் சம்பளம் கொடுப்பதைத் தாங்களே நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. எனக்குப் பிடித்தது அந்தச் சட்டத்தின் திசை. பாதிக்கப்பட்ட பெண் நிரூபிக்க வேண்டியதில்லை. கொடுப்பவர் நிரூபிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணையும் இதே பக்கம்தான் போகிறது: ஒரே வகை வேலை பார்ப்பவர்களிடையே 5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இடைவெளி இருந்து, அதற்குக் காரணம் காட்ட முடியாமலும் உரிய காலத்துக்குள் சரிசெய்யாமலும் இருந்தால், தொழிலாளர் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து நிறுவனம் ஊதியத்தை மதிப்பாய்வு செய்தாக வேண்டும். உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாமல் இருக்கலாம். செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே.

அப்புறம் ஒன்று. பட்டியலைப் பார்க்கும்போது வேலையை விட்டுப் போன பெண்களின் வரிசையையும் ஒரு முறை பாருங்கள். பணியிடத் தொந்தரவு பற்றிப் புகார் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள், யார் இடம் மாற்றப்பட்டார்கள், யாருக்கு ரேட்டிங் விழுந்தது என்பதெல்லாம் தேதியோடு எங்கள் பதிவேட்டில் இருக்கும். புகார் கொடுத்தவரை நகர்த்தி, புகாருக்கு உள்ளானவரை அதே நாற்காலியில் வைத்திருந்தால் அதுவும் சம்பளக் குறைப்புதான்.

இந்த ஆண்டுக்கான இன்க்ரிமென்ட் கடிதங்கள் உங்கள் மேசைக்கு வரும்போது, கையெழுத்திடும் முன் சம்பளப் பிரிவை அழைத்து, நான் மேலே சொன்ன பட்டியலை ஒரு நாள் முன்னதாகக் கேளுங்கள். திருத்தம் வேண்டிய பெயர்களுக்கு அந்தக் கடிதத்திலேயே திருத்தித் தாருங்கள். முந்தைய ஆண்டுகளுக்கான பாக்கியைத் தனியாகக் கணக்குப் போட்டுத் தருகிறோம், அதற்கும் ஒப்புதல் கொடுங்கள். அந்த வேலைக்காக எத்தனை இரவு உட்கார வேண்டியிருந்தாலும் உட்காரத் தயாராக இருக்கிறேன். என்னைப் போலவே பட்டியலைத் தினமும் பார்த்துவிட்டு வாய்மூடி இருக்கும் பலரும் தயாராக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருத்தி